குலுக்கல் குடியேற்றவியல்: ஒரு சிற்றாய்வு

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பன்முகக் குடியேற்ற விசாத் திட்டம் இலங்கைத் தமிழரிடையே ‘கிரீன் கார்ட் லொத்தர்’ என வழங்கும். இதில் விண்ணப்பித்தல் மனிதரின் செயல்; தெரிவு கணினியின் செயல். முன்னதற்கு விதிகள் பல, பின்னதற்கு ஒன்றுமில்லை. விதி உள்ள இடத்திலேயே புலமைக்கு வேலை உண்டு. ஆதலால் இச்சிற்றாய்வு முன்னதை விரித்தும் பின்னதைச் சுருக்கியும் கூறும். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, அட்டன் ஆகிய இடங்களில் கொமினிகேசன் கடை நடத்துவோர் இத்துறையில் ஆழ்ந்த அறிவுடையோராயினும், அவ்வறிவு வாய்மொழியாகவே வழங்கிவருகிறது. அதனை முறைப்படுத்துவதே இங்கு நோக்கம்.

1. காலப் பகுப்பு

இத்துறையின் வரலாறு முந்துவோர் காலம், உறைக் காலம், மின்னணுக் காலம் என மூன்றாகும்.

முந்துவோர் காலத்தில் குலுக்கல் இல்லை. 1980களின் பிற்பகுதியில் தோன்றிய முன்னோடித் திட்டத்தில், யாருடைய கடிதம் முதலில் போய்ச் சேர்ந்ததோ அவருக்கே விசா. 1991 ஒக்டோபரில் இம்முறை உச்சம் கண்டது. வர்ஜீனியா மாநிலத்தின் மெரிஃபீல்ட் அஞ்சல் நிலையத்துக்குக் கோடிக்கு மேற்பட்ட கடிதங்கள் வந்து குவிந்தன. ஒருவரே நூற்றுக்கணக்கில் இட்டதும் உண்டு. விடாமுயற்சியும் அஞ்சல்தலை வாங்கும் வசதியும் அக்காலத்தில் தகுதிகளாகக் கொள்ளப்பட்டன.

1990 நவம்பர் 29 அன்று மூத்த ஜோர்ஜ் புஷ் கையொப்பமிட்ட குடியேற்றச் சட்டம் இவ்விரு தகுதிகளையும் நீக்க வழிவகுத்தது. ஆண்டுக்கு 55,000 விசா, ஒருவருக்கு ஒரே விண்ணப்பம், தெரிவு தற்செயலால் என்பது அச்சட்டத்தின் வழி அமைந்த முறை. அது 1995 நிதியாண்டு முதல் நடைமுறைக்கு வந்தது. முயற்சி கைவிடப்பட்டு, தற்செயல் சட்டபூர்வமாக அரியணை ஏறியது அப்போதுதான்.

உறைக் காலத்தில் புலமை முழுவதும் கடித உறையின் மீது குவிந்திருந்தது. உறையின் நீளம் 15 முதல் 25 சென்ரிமீற்றருக்குள்ளும், அகலம் 9 முதல் 11 சென்ரிமீற்றருக்குள்ளும் அமைய வேண்டும். விண்ணப்பதாரரின் கல்வி, ஒழுக்கம், உடல்நலம் ஆகியவை பின்னர் ஆராயப்படும். உறையின் அகலம் முதலில் ஆராயப்படும். 12 சென்ரிமீற்றர் அகல உறையில் தம் எதிர்காலத்தை இட்டு அனுப்பியோர் எத்தனை பேர் என்பது பதிவாகவில்லை.

2003 நவம்பரில் மின்னணுக் காலம் தொடங்கியது. உறையின் அளவு வழக்கொழிந்தது. அதன் இடத்தைப் படத்தின் அளவு எடுத்துக்கொண்டது.

2. பிறப்பிட இலக்கணம்

குடியுரிமை, மொழி, வாழுமிடம் ஆகிய மூன்றும் இத்திட்டத்தின் கண்ணில் பொருளற்றவை. பொருளுடையது பிறந்த நாடு ஒன்றே. பிறப்பிடம் ஒருவர் தெரிந்தெடுப்பதன்று. எனினும் அதனைச் சரியாகத் தெரிந்தெடுக்காதவர் விண்ணப்பிக்க இயலாது.

முந்தைய ஐந்து ஆண்டுகளில் 50,000 பேருக்கு மேல் அமெரிக்காவுக்கு அனுப்பிய நாடுகள் விலக்கப்படும். இந்தியா இவ்விலக்குக்கு உட்பட்டது, இலங்கை உட்படாதது. உலகம் ஆறு வலயங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. அவற்றுள் வட அமெரிக்க வலயம் நுண்ணிய ஆராய்ச்சிக்கு உரியது. அமெரிக்கர் அமெரிக்காவுக்குக் குடியேறத் தேவையில்லை; கனடா விலக்கப்பட்டது; மெக்சிக்கோ வேறு வலயத்தில் சேர்க்கப்பட்டது. எஞ்சுவது பஹாமாஸ் தீவுகள். ஒரு கண்டத்தின் உரிமை முழுவதையும் ஒரு தீவுக்கூட்டம் தனியே தாங்கி நிற்பது புவியியலில் அரிது, இவ்வியலில் விதி.

பிறப்பிட இலக்கணம் தமிழரிடையே பின்வரும் நான்கு நிலைகளைத் தோற்றுவிக்கும்.

முதல் நிலை: நுவரெலியாவின் லயன் வீட்டில் பிறந்து, 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி கப்பலேற்றப்பட்டு, நீலகிரித் தேயிலைத் தோட்டத்தில் வாழ்நாளைக் கழித்த இந்தியக் குடிமகன். இலங்கை அவரை இந்தியர் என்றது. இந்தியா அவரைச் சிலோன்காரர் என்றது. அவரை ஐயத்துக்கு இடமின்றி இலங்கையர் என ஏற்கும் ஒரே ஆவணம் இவ்விண்ணப்பம்.

இரண்டாம் நிலை: அவருடைய தம்பி. குடும்பம் கோத்தகிரிக்கு வந்த பின் பிறந்தவர். அதே தாய், தந்தை, அடுத்தடுத்த வீடு. இவர் விண்ணப்பிக்க இயலாது. பிறப்பதில் தாமதம் காட்டியமை தவிர இவர் பக்கம் வேறு குற்றம் இல்லை.

மூன்றாம் நிலை: அத்தம்பி இலங்கையிற் பிறந்த பெண்ணை மணந்திருத்தல். அவ்வாறாயின் மனைவியின் பிறப்பிடத்தை அவர் தமதாகக் கொள்ளலாம். இருவரும் விசா பெற்று ஒன்றாகவே அமெரிக்காவுக்குள் நுழைய வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. சீதனத்தின் வகைகளை விரித்துரைத்த தேசவழமைச் சட்டம் இவ்வகையை எடுத்துரைக்கவில்லை.

நான்காம் நிலை: ஈழத்திலிருந்து சென்ற பெற்றோருக்குத் தமிழ்நாட்டின் மண்டபம் அகதி முகாமில் பிறந்த குழந்தை. பெற்றோர் இருவருமே குழந்தை பிறந்த நாட்டில் பிறக்காமலும், அப்போது அங்குச் சட்டப்படி வதியாமலும் இருந்தால், பெற்றோரின் பிறப்பிடத்தைக் குழந்தை கோரலாம் என்பது விதி. முகாமில் இருந்தது சட்டப்படி வதிதல் ஆகுமா என்பதில் இரு தரப்புகள் சாத்தியம். ஆகும் எனின், அகதிக்கு மதிப்புக் கிட்டும், குழந்தைக்கு வாய்ப்புக் கெடும். ஆகாது எனின், மதிப்புக் கெடும், வாய்ப்புக் கிட்டும். பெற்றோர் எந்தத் தரப்பைச் சார்வர் என்பது ஆய்வுக்கு அப்பாற்பட்டது.

3. பெயர் இயல்

படிவம் குடும்பப் பெயர், முதற்பெயர், இடைப்பெயர் என மூன்று கட்டங்களை உடையது. தமிழர் பெயர் தந்தை பெயர், தம் பெயர் என இரண்டே கூறுகளை உடையது. இரண்டை மூன்றில் அடைப்பது இவ்வியலின் முதற் கணக்கு.

எடுத்துக்காட்டாக, சிவன் மகன் முருகன் விண்ணப்பிக்கும்போது அவருடைய குடும்பப் பெயர் ‘சிவன்’ ஆகும். மணமான பின் வள்ளி தம் கணவர் பெயரைக் கொள்வாராயின், அவருடைய குடும்பப் பெயர் ‘முருகன்’ ஆகும். இவ்வாறு ஒரே கூரையின் கீழ் வாழும் தம்பதியர் இருவரும் வெவ்வேறு குடும்பத்தினராகவும், வள்ளியும் அவர் பிள்ளைகளும் ஒரே தந்தைக்குப் பிறந்த உடன்பிறப்புகளாகவும் படிவத்தில் தோன்றுவர். நேர்முகத்தில் இது விளக்கப்பட வேண்டும். விளக்கத்தைச் சுருக்கமாக வைப்பது நன்று; மூத்த பிள்ளைக்குப் பாட்டனார் பெயரை இடும் வழக்கத்தை அவ்விடத்தில் எடுத்துரைப்பது நன்றன்று.

ழகரம் உள்ள பெயர்கள் தனிக் கவனத்துக்கு உரியன. பிறப்புச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பில் ஓர் எழுத்தாகவும், கடவுச்சீட்டில் ஈரெழுத்தாகவும் ழகரம் அமையுமாயின், ஒரே மனிதர் இருவராவார். இருவர் ஒரு விசாவில் பயணம் செய்ய இயலாது.

4. பட இயல்

படம் சதுரமாக இருத்தல் வேண்டும். பக்கம் 600 பிக்சலுக்குக் குறையாமலும் 1200 பிக்சலுக்கு மிகாமலும், கோப்பு 240 கிலோபைட்டுக்கு மிகாமலும் அமைய வேண்டும். நாடியிலிருந்து உச்சி வரை தலையின் உயரம் படத்தின் உயரத்தில் 50 முதல் 69 விழுக்காடு. 49 விழுக்காட்டுத் தலை சிறுமை. 70 விழுக்காட்டுத் தலை பெருமை. இரண்டும் தவிர்க்கத்தக்கன.

முகபாவத்தில் விதி நடுநிலையை வேண்டுகிறது. முதன்முறை விண்ணப்பிப்பவருக்கு இது எளிதன்று. எதிர்பார்ப்பு முகத்தில் தோன்றிவிடும். ஏழாம் எட்டாம் முறை விண்ணப்பிப்பவர் இப்பாவத்தை இயல்பாகவே அடைந்திருப்பர். மூக்குக் கண்ணாடி விலக்கப்பட்டது. அதனை எப்போதும் அணிபவரும் கழற்றியே படம் எடுத்தல் வேண்டும். எதிரே இருப்பது ஒளிப்படக் கருவிதான் என்ற நம்பிக்கையே அவருக்குத் துணை. பொட்டு, திருநீறு ஆகியன பற்றி விதி மௌனம் சாதிக்கிறது.

ஈழத்து ஸ்டூடியோக்களில் வாடிக்கையாளர் கேளாமலே நிறத்தை வெளுப்பாக்கும் வழக்கம் உண்டு. மணமகன் தேடும் படத்துக்கு இது பொருந்தும், இப்படத்துக்குப் பொருந்தாது. தோற்றத்தை மாற்றும் திருத்தங்கள் தகுதியை நீக்கும். ஆகவே உள்ளபடியே எடுத்துத் தருமாறு ஸ்டூடியோக்காரரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அவ்வாறு கேட்டும் அவர் தம் கலையுணர்ச்சிக்கு அணை போடாத சந்தர்ப்பங்கள் உள்ளன.

படம் ஆறு மாதங்களுக்கு உட்பட்டதாக இருத்தல் வேண்டும். சென்ற ஆண்டின் படம் செல்லாது. கைக்குழந்தைக்கும் தனிப் படம் தேவை. கண் திறந்திருக்க வேண்டும், நேரே பார்க்க வேண்டும், தாங்கிப் பிடிக்கும் கை தெரியலாகாது. இம்மூன்றையும் ஒரே கணத்தில் நிறைவேற்றும் குழந்தை அறிவுரை கேளாமலே அவ்வாறு செய்கிறது. நிறைவேற்றாத குழந்தைக்கு அறிவுரை பயன்படாது.

5. மண இயல்

மணநிலை ஆறு வகைப்படும்: மணமாகாதோர், அமெரிக்கக் குடியுரிமையோ நிரந்தர வதிவுரிமையோ இல்லாத துணையை மணந்தோர், அவற்றுள் ஒன்றை உடைய துணையை மணந்தோர், மணமுறிவு பெற்றோர், துணையை இழந்தோர், நீதிமன்றத் தீர்ப்பால் பிரிந்தோர்.

இவ்வகுப்பில் நீதிமன்றம் ஏறாமல் பிரிந்தோருக்கு இடமில்லை. ஆண்டுக்கணக்காகப் பேசாத மனைவியும் சட்டத்தின் முன் மனைவியே. அவர் பெயர் விடுபடின் விண்ணப்பம் முழுவதும் பழுதாகும். பெயரோடு படமும் வேண்டும். படம் ஆறு மாதங்களுக்குள் எடுத்ததாகவும் வேண்டும். ஆதலால் இவ்வகைக் கணவர் ஆண்டுக்கொரு முறை மனைவியிடம் சென்று, வெண்மைப் பின்னணியில் அவரை நிறுத்தி, நடுநிலையான முகபாவத்துடன் ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டியவராகிறார். முகபாவத்தைப் பொறுத்தவரை இவ்வகைப் படங்களில் சிரிப்பென்னும் குறை அரிதாகவே காணப்படும்.

கணவனும் மனைவியும் தனித்தனியே விண்ணப்பிக்கலாம்; இது குடும்பத்துக்கு இரு வாய்ப்பு. ஒருவரே இரு முறை விண்ணப்பிப்பது தகுதியிழப்பு. ஆகவே, வாய்ப்பை இரட்டிப்பாக்குவதற்குச் சட்டம் அனுமதிக்கும் ஒரே வழி திருமணம். தெரிவான பின் செய்யப்படும் திருமணங்களைத் தூதரக அதிகாரிகள் கூர்ந்து ஆராய்வர். அதற்கு முன் செய்யப்படும் திருமணங்களை ஆராய்வது உறவினர் பொறுப்பு.

6. கல்வி இயல்

கல்வி நிலை தொடக்கப் பள்ளி முதல் முனைவர் பட்டம் வரை பத்துப் படிகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. சில முனைவர் பாடங்கள் படித்தவரும் முனைவர் பட்டம் பெற்றவரும் வெவ்வேறு படியினர். இந்நுண்பகுப்பின் பயன் தெளிவானது: கல்வித் தகுதி என்பது 12 ஆண்டுப் பள்ளிப்படிப்பை முடித்தல் மட்டுமே ஆதலால், மேலுள்ள ஏழு படிகளும் தகுதியைக் கூட்டுவதில்லை. முனைவரும் உயர்தரம் சித்தியடைந்தவரும் கணினியின் முன் சமம். பல்கலைக்கழகங்கள் நெடுங்காலம் முயன்றும் எட்டாத சமத்துவம் இது.

சாதாரண தரத்தோடு நின்றவருக்கு மாற்று வழி உண்டு. கடந்த ஐந்து ஆண்டுகளில் இரண்டு ஆண்டேனும், இரண்டு ஆண்டுப் பயிற்சி தேவைப்படும் தொழிலொன்றில் ஈடுபட்டிருத்தல் வேண்டும். எத்தொழிலுக்கு எவ்வளவு பயிற்சி என்பதை அமெரிக்கத் தொழில் துறையின் தரவுத்தளம் தீர்மானிக்கும். பனையேறிக் கள்ளிறக்கப் பழகுவதற்கு எத்தனை ஆண்டு என்பதை அத்துறை கணித்ததில்லை. கீழிருந்து மதிப்பிடுவதற்கு அது கடினமான தொழில்.

7. உறுதி எண் காப்பு

விண்ணப்பம் ஏற்கப்பட்டதும் 16 எழுத்தும் இலக்கமும் கொண்ட உறுதி எண் ஒன்று திரையில் தோன்றும். அடுத்த மே மாதம் முடிவைப் பார்க்க இதுவே திறவுகோல். இதனைக் காக்கும் முறைகள் ஐந்து: நாட்காட்டியின் பின்புறம் எழுதுதல், சுவாமி அறையில் படத்துக்குப் பின்னால் செருகுதல், பிறப்புச் சான்றிதழோடு பெட்டியில் வைத்தல், கைபேசியில் படம் பிடித்தல், கொமினிகேசன்காரரிடமே விட்டுவிடுதல். முதல் முறையில் ஆண்டு முடிவில் நாட்காட்டி எறியப்படும் அபாயம் உண்டு. நான்காம் முறையில் கைபேசி மாறும் அபாயம் உண்டு. ஐந்தாம் முறையில் எண் மிகப் பத்திரமாக இருக்கும். விண்ணப்பதாரருக்குக் கிடைக்குமா என்பதே கேள்வி. எண்ணை வைத்துக்கொண்டு பணம் கேட்கும் இடைத்தரகர் குறித்து அமெரிக்க அரசே எச்சரித்துள்ளது.

தெரிவானோருக்கு அமெரிக்க அரசு மின்னஞ்சலால் அறிவிப்பதில்லை. இதிலிருந்து ஒரு சூத்திரம் பெறப்படும்: ‘வாழ்த்துகள், நீங்கள் தெரிவாகிவிட்டீர்கள்’ எனத் தானே தேடி வரும் மின்னஞ்சல் பொய், மெய்யான செய்தி தானாக வருவதில்லை.

விண்ணப்பிக்கும் நாள் பற்றி இரு மரபுகள் உள்ளன. முதல் நாளிலேயே விண்ணப்பிக்க வேண்டும் என்பது ஒன்று. கடைசி வாரமே சிறந்தது என்பது மற்றொன்று. விண்ணப்ப நாள் தெரிவைப் பாதிக்காது என்று அரசு கூறிவந்தது. 2011 மே மாதத்தில் ஏறத்தாழ 22,000 பேர் தெரிவானதாக அறிவிக்கப்பட்டது. அவர்களுள் 90 விழுக்காட்டினர் 2010 ஒக்டோபர் 5, 6 ஆகிய முதல் இரு நாட்களில் விண்ணப்பித்தோர் எனப் பின்னர் தெரியவந்தது; கணினி நிரலின் பிழையே காரணம். முதல் நாள் மரபு இவ்வாறு ஐயந்திரிபற நிறுவப்பட்டது. நிறுவப்பட்ட காரணத்தாலேயே அத்தெரிவு முழுவதும் செல்லாததாக்கப்பட்டு, ஜூலையில் புதிய தெரிவு நடந்தது. இவ்வியலில் ஒரு கொள்கை மெய்ப்பிக்கப்பட்டதும் அதனால் பயனடைந்தோர் பயனிழந்ததும் ஒருங்கே நிகழ்ந்தன.

8. தெரிவானோர் நிலை

தெரிவாதல் விசா பெறுதல் அன்று. விசா 55,000க்கு மிகாதிருக்க, இலட்சத்துக்கு மேற்பட்டோர் தெரிவு செய்யப்படுவர். ஒவ்வொருவருக்கும் வரிசை எண் உண்டு. அவ்வெண் மாதாந்த விசா அறிவிப்பில் எட்டப்பட்டால் நேர்முகம். நிதியாண்டு முடியும் செப்டெம்பர் 30க்குள் எட்டப்படாவிட்டால் தெரிவு காலாவதியாகும். இவ்வகையினர் தெரிவானோர் எனவும் தெரிவாகாதோர் எனவும் ஒருங்கே வகுக்கத்தக்க தனி இனத்தார்.

தெரிவானோர் நிரப்பும் இரண்டாம் படிவம் 16 வயது முதல் வாழ்ந்த முகவரிகள் அனைத்தையும், எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை என்ற கணக்குடன் கேட்கும். ஒரே வீட்டில் வாழ்ந்தோருக்கு இது ஒரு வரி. 1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமத்தை விட்டு நடந்து, தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்திலும், கிளிநொச்சியில் ஒரு கொட்டிலிலும், முள்ளிவாய்க்காலில் ஒரு பதுங்கு குழியிலும், 2009இல் செட்டிகுளம் மெனிக் முகாமிலும் இருந்தோருக்கு வரிகள் கூடும். ஒவ்வொன்றுக்கும் தெருப் பெயரும் அஞ்சல் குறியீடும் கேட்கப்படும். பதுங்கு குழிக்கு அஞ்சல் குறியீடு ஒதுக்கப்பட்டதாகத் தெரியவில்லை.

இதன் பின் மருத்துவப் பரிசோதனை, பொலிஸ் நற்சான்றிதழ், 330 டொலர் கட்டணம், கொழும்பில் நேர்முகம் என்பன முறையே வரும். விண்ணப்பம் நெடுங்காலம் இலவசமாக இருந்தது. 2025இல் 1 டொலர் கட்டணம் விதிக்கப்பட்டது. விசா மறுக்கப்பட்டால் 330 டொலர் திருப்பித் தரப்படாது. 1 டொலரும் அவ்வாறே.

9. முடிபு

மேற்கூறிய விதிகள் அனைத்தையும் பிழையறக் கைக்கொண்டவருக்கும், மனைவியை மறைத்துக் கண்ணாடி அணிந்து சிரித்தபடி படமெடுத்தவருக்கும், மே மாதத்தில் திரையில் பெரும்பாலும் தோன்றுவது ஒரே வாசகம்: தெரிவு செய்யப்படவில்லை. காரணம் கூறப்படுவதில்லை. ஆதலால் விதிகளைக் கைக்கொள்வதன் முதன்மைப் பயன், தெரிவாகாமைக்குத் தாம் காரணமல்லர் என்னும் மன அமைதியே. அவ்வமைதிக்காக ஆண்டுதோறும் படம் எடுப்பது மிகையாகாது.

2025ஆம் ஆண்டுக்கான சுற்றில் 2 கோடிக்குச் சற்றுக் குறைந்த விண்ணப்பங்கள் வந்தன. ஏறத்தாழ 1,31,000 பேர் தெரிவாயினர். 2025 டிசம்பரில் இத்திட்டத்தை நிறுத்தி வைக்குமாறு அமெரிக்க அரசு உத்தரவிட்டது. இதனால் இவ்வியல் பயனற்றுப் போகும் என்ற அச்சம் ஆதாரமற்றது. நிறுத்தத்துக்கு முன்னரே விண்ணப்பித்தோரில் நூற்றுக்கு 99 பேருக்கு மேல் தெரிவாகாதிருந்தனர். ஆகவே இந்த உத்தரவால் நிலைமை மாறியோர் நூற்றுக்கு ஒருவரிலும் குறைவு.